கடையில் நிற்பவரின் மனம்



2024 செப்டம்பரில் கேரளத்துத் தாய் ஒருவர் எழுதிய கடிதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. புனே நகரில் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்த அவருடைய 26 வயது மகள் நான்கே மாதங்களில் இறந்துபோனார். இரவு பகல் பாராத வேலைச் சுமைதான் காரணம் என்று அந்தத் தாய் நிறுவனத்தின் தலைவருக்கே எழுதினார். அடுத்த மாதமே வந்த உலக மனநல நாளுக்கு (அக்டோபர் 10) உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த தலைப்பும் வேலையிடத்தில் மனநலம் என்பதுதான்.

அந்தக் கடிதத்தைப் படித்த நம்மவர்கள் பலரும் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கள் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட்டார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் மதுரையில் நம் குடும்பங்களில் எத்தனை பேருடைய வருமானம் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது? விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகள், மாசி வீதிகளின் பாத்திரக்கடைகள், செருப்புக்கடை, இரும்புக்கடை, பிரியாணிக்கடை, மொபைல் கடை என்று பார்த்தால் நம் வீடுகளில் பாதிக்கு அங்கேதான் அடுப்பு எரிகிறது. சிலர் அங்கே முதலாளி. பலர் அங்கே பணியாளர். எல்லோருமே அங்கே வாடிக்கையாளர். ஆகவே ஊழியர்களின் மனநலம் பற்றி இந்த இதழில் பேசுவதென்றால், கண்ணாடிக் கட்டட ஆபீஸை விட்டுவிட்டு நம் கடையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். அல்வாவுக்கும் துணிமணிக்கும் பேர்போன தெரு. தையல் வேலை பார்த்து வந்த விஜி என்ற பெண், அந்த வட்டாரக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை நடத்தினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. பெண் பணியாளர்களுக்குக் கடையில் கழிப்பறை கிடையாது என்பதால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை பார்ப்பதை அந்தப் பெண்கள் வழக்கமாக்கிக் கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம். கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, மீறினால் சம்பளத்தில் பிடித்தம் என்பது அங்கே எழுதப்படாத விதியாக இருந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் இதே போன்ற சட்ட முன்வடிவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதிய பிரிவு சேர்ந்தது. அதன் சாரம் இதுதான்: வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் சிறு வாய்ப்பையும் பயன்படுத்திக்கொள்ளும்படி எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர்களை நின்றபடியே வைத்திருக்கக் கூடாது. கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் செய்தது தமிழ்நாடுதான். சென்னை ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைப் பிள்ளைகளைப் பற்றிய ‘அங்காடித் தெரு’ படம் 2010-இல் வந்தது. படம் பார்க்காதவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஊரே கண்கலங்கியது. சட்டம் வர அதற்குப் பிறகும் பதினோரு வருடம் ஆனது.

சட்டம் வந்தபின் பல கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஸ்டூல் இருப்பதும் அதில் உட்கார முடிவதும் ஒன்றல்ல. ஸ்டூல் குடோனுக்குள் இருக்கும். ஆள் கவுண்டர் முன்னால் நிற்பார். அல்லது ஸ்டூல் கவுண்டருக்குப் பின்னாலேயே இருக்கும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், கேமராவில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே முதலாளி போன் போடுவார். “என்னம்மா, சும்மாதான் இருக்கியா? அந்த ரேக்கைத் துடைக்கலாம்ல?” கேட்டவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. நாளைக்கு அந்தப் பெண் உட்கார மாட்டார்.

நாற்காலிக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும், இடுப்பு வலிக்கும். அதெல்லாம் உடம்பு சங்கதி. மனதுக்குள் நடப்பது வேறு. லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அந்த அலுவலகங்கள் இருந்த தெருவின் பெயரால் அதை ஒயிட்ஹால் ஆய்வு என்பார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் கவலை அதிகம், மாரடைப்பும் அவருக்குத்தான் வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. நம் ஊரிலும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறோம். ஆய்வில் வந்தது நேர்மாறு. கடைநிலை ஊழியர்கள், மேல்நிலை அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அளவில் இதயநோயால் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுதாக விளங்கவில்லை. 1985-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் கொண்டு மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. அதில் தெரிய வந்த முக்கியமான காரணங்களில் ஒன்று, தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. எதை முதலில் செய்வது, எப்போது கொஞ்சம் ஓய்வது என்பதை ஓரளவாவது தானே தீர்மானிக்க முடிகிறவர் அதிக வேலையையும் தாங்குகிறார். வேலை மலைபோல் குவிந்தும், சின்ன விஷயத்துக்குக்கூட வாய்விட்டு அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்தான் உள்ளுக்குள் உடைகிறார்.

இதை நம் கடையில் வைத்துப் பாருங்கள். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ காலை பஸ் பிடித்து வரும் ஒரு பெண். சாப்பிடப் போக அனுமதி வேண்டும். பாத்ரூம் போக அனுமதி வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தால் அதை எடுக்கவும் அனுமதி வேண்டும். பல கடைகளில் போனையே காலையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரவு ஒன்பதரை மணிக்குக் கடை சாத்தும்போது கடைசி பஸ் போய்விடுமோ என்ற பதற்றம் வேறு. இவர் உட்காரும் ஐந்து நிமிடம் காலுக்கு மட்டுமான ஓய்வு இல்லை. இந்த நாளில் எனக்கென்றும் ஒரு துளி இருக்கிறது என்ற நினைப்பு அது.

நேரக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர இடைவேளை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நாடு விடுதலை அடைந்த வருடத்துச் சட்டம். நம் கடைத்தெருவில் காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரைக்குப் போகிறவர், வாரம் ஆறு நாள் வந்தால் 72 மணி நேரம் கடையில் இருக்கிறார். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்குச் சொல்லின. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் நிறைவேறியபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது என்பது நினைவிருக்கும். அந்த எதிர்ப்பைப் பாராட்டிப் பேசிய நம் கடைக்காரர்களில் சிலருடைய கடையில் அன்றைக்கும் அதே 12 மணி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்வதில் மனத்தாங்கல் வேண்டாம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழி நமக்கெல்லாம் தெரியும். சில கடைகளில் அழகாக எழுதி மாட்டியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் வேலைக்காரரின் மனதைப் பற்றி அதைவிடக் கூர்மையான ஒரு செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அபூதர் (ரலி) ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறித்துச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். நபி (ஸல்) அவர்கள் அபூதரைக் கண்டித்தார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் அவரிடம் மிச்சமிருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் கையின் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும், தாங்க முடியாத வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நீங்களும் கைகொடுக்க வேண்டும் என்ற கட்டளை அந்த இடத்தில்தான் வருகிறது. கவனியுங்கள், பேச்சு தொடங்கியது சோற்றிலும் கூலியிலும் இல்லை. ஒரு வசைச் சொல்லில் தொடங்கியது.

பத்து வருடம் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), அந்தப் பத்து வருடத்தில் தன்னை ஒருமுறைகூட ‘ச்சீ’ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் சேரும்போது பத்து வயதுச் சிறுவர். பத்து வயதுப் பையன் பத்து வருடத்தில் எத்தனை பாத்திரம் உடைத்திருப்பான், எத்தனை சொன்ன வேலையை மறந்திருப்பான் என்று யோசித்தால் அந்த வாக்கியத்தின் கனம் புரியும்.

நம் கடைகளில் சொல் எப்படி இருக்கிறது? வாடிக்கையாளர் முன்னால் திட்டுவது வியாபாரத் திறமை என்றே சிலர் நினைக்கிறார்கள். சரக்கு பிடிக்காமல் வாடிக்கையாளர் எழுந்து போனால், அந்தக் கோபம் உடனே பக்கத்தில் நிற்கும் பையன் மேல் விழுகிறது. அப்பன், ஆத்தாளை இழுத்துப் பேசுவதும் உண்டு. பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசும் மேஸ்திரியும் சூப்பர்வைசரும் சில இடங்களில் இருக்கிறார்கள். அது வெறும் மரியாதைக் குறைவு இல்லை, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரிய செயல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய கடைப் பெண்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. திட்ட வேண்டியிருந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டுத் தவறை மட்டும் சொல்வது ஒரு பைசா செலவில்லாத காரியம். மனநலத்துக்கென்று கடைக்காரர் செய்யக்கூடிய எல்லாவற்றிலும் பெரியதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அட்வான்ஸ் விஷயம் இன்னொன்று. தங்கையின் கல்யாணத்துக்கோ அத்தாவின் ஆபரேஷனுக்கோ பையன் முன்பணம் வாங்குகிறான். கொடுப்பது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு வாங்கினான், மாதம் எவ்வளவு கழிகிறது, மீதி எவ்வளவு என்ற கணக்கு முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்தால், அந்தப் பையன் விடுமுறையும் கேட்க மாட்டான், அவமானப்பட்டாலும் வாய் திறக்க மாட்டான், வேறு வேலைக்கும் போக முடியாது. கடனை எழுதிவைக்கும்படி குர்ஆனே நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு குயர் நோட்டில் இரண்டு பக்கமும் தெரியும்படி எழுதிக் கையெழுத்து வாங்கி, அதன் நகலை அவனிடமே கொடுத்துவிட்டால் அவன் இரவில் தூங்குவான்.

தொழுகை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் லுஹருக்கும் அஸருக்கும் பையன்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்புகிறோம். முகம் கழுவி, கொஞ்சம் நடந்து, பத்து நிமிடம் கடையை மறந்துவிட்டு வருகிறார்கள். அதே கடையில் வேலை பார்க்கும் மாற்று மதச் சகோதரிக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கே? அவருக்கும் தினமும் இரண்டு முறை, கேட்காமலே கிடைக்கும் பத்து நிமிடத்தை ஒதுக்கிப் பாருங்கள். எந்தச் சட்டமும் இதைச் சொல்லவில்லைதான்.

இனி வாடிக்கையாளராகிய நம்மைப் பற்றி. பெருநாளுக்கு முந்திய பத்து நாட்கள் தராவீஹ் முடிந்து குடும்பமாகக் கிளம்பி மாசி வீதிக்கும் விளக்குத்தூணுக்கும் போகிறோம். கடை நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கிறது. நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி, இரண்டை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, “அடுத்த கடையைப் பார்த்துட்டு வர்றோம்” என்று எழுகிறோம். வாங்காமல் எழுவது நம் உரிமை. ஆனால் அந்த முப்பத்தெட்டுச் சேலையை மடித்து வைப்பவர் காலை ஒன்பதரை மணியிலிருந்து நிற்கிறார் என்பதை ஒருமுறை நினைத்தால், பார்க்க வேண்டிய நிறத்தையும் விலையையும் முதலிலேயே சொல்லிவிடுவோம். “ஏ பொண்ணு” என்று கூப்பிடுவதற்குப் பதில் “இங்க வாங்கம்மா” என்போம். அவர் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவு என்று முதலாளியிடம் போட்டுக் கொடுக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நாம் இருக்கக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒருவருக்கு மனச்சோர்வு வரலாம். சரியில்லாத இடத்தில் சீக்கிரம் வரலாம். வீட்டில் இருப்பவர்கள்தான் அதை முதலில் பார்ப்பார்கள். இங்கே இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வேலையால் வரும் எரிந்து தீர்ந்த நிலை ஒன்று. ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பட்டியலில் நோய் என்று சேர்க்காமல், வேலையோடு தொடர்புடைய நிலை என்று விளக்கியது. சத்து வற்றிப்போன களைப்பு, வேலை மேலேயே வரும் வெறுப்பும் ஒட்டாத தன்மையும், என்ன செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வேலைச் சூழல் மாறினால் பெரும்பாலும் இது தணியும்.

மற்றொன்று மனச்சோர்வு நோய். இது கடையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் கூடவே இருக்கும், பெருநாள் அன்றும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது, பசி போவது, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, காரணமில்லாத எரிச்சல், டாக்டரிடம் போனால் ஒன்றுமில்லை என்று சொல்லப்படும் தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும். ஆண்பிள்ளைகளிடம் இது பல நேரம் அழுகையாக வராது; கோபமாகவும் குடியாகவும் வரலாம். ஜும்ஆவுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தவன் போவதையே நிறுத்திவிட்டால், அவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் குடும்பங்களில் வரும் அடுத்த பேச்சு கண்ணேறு, செய்வினை, ஜின். ஓதிப்பார்ப்பதை யாரும் குறை சொல்லவில்லை. துஆ செய்வது நம் ஈமானோடு சேர்ந்தது. ஆனால் ஓதிப்பார்த்தலோடு நிறுத்திக்கொண்டதன் விலையை நாம் நம் மாநிலத்திலேயே பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் வெந்து இறந்தார்கள். எல்லா மதத்தவரும் தங்கள் பிள்ளைகளை, சகோதரர்களை, மனைவியரை அந்த ஊரில் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கொட்டகைகள் மூடப்பட்டன. பிற்பாடு அதே ஏர்வாடியில், குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் முன்பே நடந்த முறையில், ‘தவா–துஆ’ திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து. தர்காவுக்கு வருபவர் துஆவும் செய்யலாம், அங்கேயே அரசு மனநல மருத்துவரிடம் மருந்தும் வாங்கலாம். ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனைக்கு இது மாறானதில்லை.

மதுரையில் மருத்துவத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். 1992 முதல் மதுரையில் இயங்கிவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வேலைப் பயிற்சியும் கொடுத்து வருகிறது. அந்த இரண்டாவது பகுதி முக்கியமானது. மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்ட பையன் பழைய வேலைக்குத் திரும்பும்போது, “அவன் ஒரு மாதிரி” என்ற முணுமுணுப்பு அவனுக்கு முன்னாலேயே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பயந்தே பலர் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறார்கள், அல்லது பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடும் கணக்குப்பிள்ளையை நாம் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. முதல் சில வாரங்கள் மருந்தின் மயக்கம் இருக்கும் என்பதால் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்வது, ஏணியில் ஏறும் வேலையைத் தவிர்ப்பது, மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போகச் சம்பளத்தோடு விடுவது, இவ்வளவே தேவைப்படும்.

சட்டமும் இப்போது பணியாளர் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான சிகிச்சையை ஒருவரின் உரிமையாக்கியது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றது. உடல்நோய்க்குக் கொடுப்பதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு விதித்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.-யில் சேர்ந்திருப்பவர்களுக்கு, சைக்கோசிஸ் எனப்படும் கடுமையான மனநோய் வந்தால் உரிய நிபந்தனைகளின்படி நீண்டகால நோய்க்கான உதவித்தொகையும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று அவனுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் கேட்க வேண்டும். உட்கார இடமில்லை, வார விடுமுறை இல்லை என்ற புகார்களைத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் இருக்கும் பிள்ளைகளை மறந்துவிட்டு இதை முடிக்க முடியாது. ஒரே அறையில் ஆறு பேர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர். போனில் பேசும்போது பணம் வந்துவிட்டதா, தங்கச்சி நகை, வீட்டு வேலை என்றே பேச்சு போய்விடுகிறது. “சாப்பிட்டியா” என்று அம்மா கேட்பார். “தூங்குறியாப்பா” என்று யாரும் கேட்பதில்லை. அவன் வாயிலிருந்து “இனி முடியலம்மா” என்று ஒரு வார்த்தை வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லாதீர்கள். முடியவில்லை என்றால் என்ன என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் அவன் வாய் திறப்பான் என்பதே மனநல மருத்துவர்கள் சொல்வது. ஆம் என்று சொன்னால் அவனைத் தனியே விடாதபடி அங்கிருக்கும் நண்பர்களிடம் உடனே சொல்லிவிட்டு, ஊருக்கு வர வழி செய்யுங்கள். வீட்டுக் கடன் காத்திருக்கும்.

முதலாளிமாரைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டோம். சிறிய கடைக்காரரின் நிலையும் தெரியாதது இல்லை. அவரும் பதினான்கு மணி நேரம் நிற்கிறார். வாடகை, ஜி.எஸ்.டி., சீட்டுத் தவணை, ஆன்லைன் வியாபாரத்தால் தேய்ந்துபோன விற்பனை, இரண்டு மாதமாக வராத பாக்கி. பணியாளருக்காவது பேசிக்கொள்ளப் பக்கத்தில் நாலு பேர் உண்டு. இவருக்குக் கல்லாவுக்குப் பின்னால் யாரும் கிடையாது. வீட்டிலும் சொல்ல மாட்டார். பையன் மேல் விழும் கோபத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவிக்கு 14416 என்பது எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நின்று களைத்த பெண்ணும் அதில் பேசலாம், அவருடைய முதலாளியும் பேசலாம். கடை சாத்திய பிறகு, ஷட்டரை இறக்கிவிட்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டும் பேசலாம்.